கம்ப்ரஸர் சிமுலேஷனுக்கு மிக்ஸிங் பிளேன் போதுமா?

கேள்வி: எம்.இ. புராஜெக்டுக்காக நாசா ஸ்டேஜ் 35 கம்ப்ரஸரை மிக்ஸிங் பிளேன் முறையில் (பிளேடு வரிசைகளுக்கு நடுவே ஓட்டத்தைச் சராசரியாக்கும் ஸ்டெடி கணக்கு) ஓட்டினேன். எஃபிஷியன்சி நன்றாகவே வருகிறது. ஆனால் கைடு, அன்ஸ்டெடியாக, அதாவது நேரத்தோடு ஓட்டம் மாறுவதையும் கணக்கிட்டு, ஓட்டியே ஆக வேண்டும் என்கிறார். கையில் இருப்பது ஒரே வொர்க்ஸ்டேஷன். அவசியமா?

பதில்: ரிசல்ட்டை வைத்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அழுத்த விகிதமும் எஃபிஷியன்சியும் மட்டும் என்றால் இருப்பதே போதும், கைடிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சுற்றும் ரோட்டருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் அதிர்வு, சத்தம் என்று போனால் அவர் பக்கம்தான் நியாயம்.

ரோட்டர் பிளேடு ஒவ்வொன்றின் பின்னாலும் மெதுவான காற்று பட்டையாக நீளும். அதுதான் வேக். மிக்ஸிங் பிளேன் அதைச் சுற்றுவட்டம் முழுக்கச் சராசரியாக்கி, ஸ்டேட்டருக்குச் சீரான காற்றாக அனுப்பிவிடுகிறது. நிஜத்தில் நடப்பது வேறு. 36 பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 17,190 சுற்று: ஸ்டேட்டர் பிளேடு ஒவ்வொன்றையும் நொடிக்கு ஏறக்குறைய 10,300 வேக்குகள் தாக்குகின்றன. ரோட்டரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தால் மெதுவாகத் தெரியும் அந்தக் காற்று, நிற்கும் ஸ்டேட்டருக்குச் சுழல்வேகம் கூடியதாக வந்து சேரும். ஒவ்வொரு முறையும் நுழைகோணம் ஏறி இறங்கும், பிளேடு மீதான விசையும் கூடவே ஆடும்.

இன்னொன்று. ஸ்டேட்டர் வேக்கைத் துண்டாக்கி, துண்டுகளை இழுத்து நீட்டுகிறது. நீள நீள அதன் வேகக்குறைவும் தணிகிறது. ஸ்மித் என்ற ஆய்வாளர் 1966இல் விளக்கிய விஷயம் இது. மிக்ஸிங் பிளேனோ கலப்பு இழப்பு முழுவதையும் அந்தத் தளத்திலேயே கணக்கில் ஏற்றிவிடும். ரோட்டருக்கு முன்னால் ஐஜிவி (நுழையும் காற்றைத் திருப்பிவிடும் நிலையான பிளேடு வரிசை) இருந்து, இடைவெளியும் குறைவு என்றால், ரோட்டரின் அதிர்ச்சி அலை ஐஜிவியின் பின்முனையில் அறையும். அந்த இடத்தில் மிக்ஸிங் பிளேனை நான் நம்ப மாட்டேன். உங்கள் கேஸில் ஐஜிவி இல்லை.

சரி, ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால்? ரோட்டரில் 36, ஸ்டேட்டரில் 46. பொது வகுஎண் 2தான். ஆகவே இரண்டு வரிசையும் ஒரே கோண அளவை அடைக்க 18 ரோட்டர், 23 ஸ்டேட்டர் பாசேஜ்கள் (பிளேடுகளுக்கு இடைப்பட்ட வழிகள்) வேண்டும். உங்கள் மெஷின் திணறிவிடும். ஸ்டேட்டரை 48 ஆக்கினால் 3:4 போதும். அப்போது ஸ்டேட்டர் கார்டையும் (பிளேடின் முன்முனை முதல் பின்முனை வரையான நீளம்) 46/48 விகிதத்தில் சுருக்குங்கள், இல்லாவிட்டால் சாலிடிட்டி, அதாவது கார்டுக்கும் பிளேடு இடைவெளிக்கும் உள்ள விகிதம், மாறிவிடும். ரோட்டரைத் தொடாதீர்கள், அந்த 10,300 அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு வேக் கடக்க சுமார் 97 மைக்ரோநொடி. அதை 60 படியாகப் பிரித்தால் படிக்கு 1.6 மைக்ரோநொடி. மிக்ஸிங் பிளேன் விடையிலிருந்தே தொடங்குங்கள். ஸ்டேட்டர் முன்முனையில் ஒரு அழுத்த மானிட்டர் வையுங்கள். அடுத்தடுத்த சுழற்சிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை எதையும் எடுக்க வேண்டாம். முதல் சுழற்சியையே வண்ண அனிமேஷனாக்கி வைவாவில் காட்டுபவர்களும் உண்டு, அது வேறு விஷயம்.

சத்தம்தான் தலைப்பு என்றால் மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது. ஒலி அலையின் சுற்றுவட்ட வடிவத்தை 36க்கும் 46க்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. 48 ஆக்கினால் 10 என்பது 12 ஆகிவிடும். அப்போது எண்ணிக்கையை மாற்றாமல் பேஸ்-லேக் (பக்கத்து பாசேஜில் அதே ஓட்டம் நேரம் தள்ளி வருவதாக எடுப்பது) அல்லது ஹார்மோனிக் (ஏற்ற இறக்கத்தைச் சில அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கிடுவது) முறையில் போங்கள். வரிசைக்கு ஓரிரு பாசேஜ் போதும்.