சொன்னவுடன் குதிரை படுக்க: கயிறு வேண்டாம், மணல் போதும்

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரிக் குதிரை என்னிடம் இருக்கிறது. ஆறு வயது, காயடித்தது. சவாரிக்கு நன்றாகப் பழகிவிட்டது. ‘படு’ என்றால் படுக்கவும் பழக்க ஆசை. ஒரு முன்னங்காலை மடக்கிக் கட்டி, மறுபக்கம் கயிறு போட்டு இழுத்தால் ஒரே நாளில் படுத்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா? வேறு வழி உண்டா?

பதில்: கால் கட்டும் முறை பலிக்கும். ஆனாலும் வேண்டாம்.

அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த ஜான் ரேரி 1858-இல் விக்டோரியா மகாராணியின் முன்னால் செய்துகாட்டிப் பேர் வாங்கிய வித்தை ஏறக்குறைய இதுதான். ஒரு முன்னங்காலை வாரால் மடக்கிக் கட்டிவிட்டு, திமிறும் குதிரை களைத்துச் சாயும்வரை விடாமல் இருப்பது. எழும்போது குதிரை சாதுவாகத்தான் இருக்கும். அது கற்றுக்கொண்டதால் வந்த சாது இல்லை, இனி போராடிப் பயனில்லை என்று கைவிட்டதால் வந்தது. அடுத்த நாள் கயிற்றைப் பார்த்ததுமே வியர்க்கத் தொடங்கும். கட்டிய காலோடு திமிறும்போது முழங்கால் கிழியும், தலை தரையில் மோதும், கெட்ட விழுக்காடாக இருந்தால் எலும்பு முறியும். மூன்று காலில் தடுமாறும் குதிரை எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கயிறு பிடித்தவர் மேலேயே 300 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு சாயலாம்.

படுப்பது எப்படி என்று குதிரைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நின்றபடி தூங்குகிற பிராணிதான், ஆனாலும் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அந்தத் தூக்கம் தேவை. படுத்த குதிரையால் சட்டென்று ஓட முடியாது என்பதால், பயமில்லாத இடத்தில் மட்டுமே படுக்கும். அது தானாகப் படுக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்து, அந்தச் செயலுக்குப் பரிசும் பெயரும் கொடுப்பதுதான் வேலை.

எனவே முதல் சோதனை லாயத்தில். காலையில் போய்ப் பாருங்கள். பிடரியிலும் வாலிலும் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா? தொடையிலோ விலாவிலோ லத்திக் கறை இருக்கிறதா? இருந்தால் இரவில் படுத்திருக்கிறது. பல நாள் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் லாயத்திலேயே அது படுப்பதில்லை. சிமெண்ட் தரை, குட்டையாகக் கட்டிய தலைக்கயிறு, பின்னங்கால் கயிறு, இரவெல்லாம் குரைக்கும் நாய் இவற்றில் ஏதோ ஒன்று காரணம். கணுக்காலின் முன்பக்கத்தில் காய்ப்போ வடுவோ இருந்தால் இன்னும் கவனியுங்கள். படுக்காமலே இருக்கும் குதிரை தூக்கக் கலக்கத்தில் நின்றபடி சரிந்து கால் ஊன்றும், அந்தக் காயமாக இருக்கலாம். முதலில் லாயத்தைச் சரிசெய்யுங்கள். வித்தை அப்புறம்.

அடுத்து கால்நடை மருத்துவர். முழங்கால், பின்னங்கால் மூட்டுகள், முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். படுப்பதைவிட எழுவதில்தான் மூட்டுக்குப் பாரம் அதிகம். மாடு பின்பக்கத்தை முதலில் தூக்கி எழும். குதிரை முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, கழுத்தை வீசி, பின்னங்கால்களால் உடம்பை உந்தித் தள்ளி எழும். பின்மூட்டில் வலி உள்ள குதிரைக்கு இது தண்டனை. லாடத்தின் பின்முனை குளம்பைத் தாண்டி நீண்டிருந்தால் வெட்டச் சொல்லுங்கள். மடக்கிப் படுக்கும்போது அது நெஞ்சை ஒட்டிய மேல்மூட்டில் அழுத்தி, அங்கே பந்துபோல் வீங்கும்.

இடம்: கல், கம்பி, கண்ணாடி இல்லாத உலர்ந்த மணல், குறைந்தது அரை அடி ஆழம். வேலியில் இருந்து நாலைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒட்டிப் படுத்தால் புரளும்போது கால் வேலியில் மாட்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் அமைதியான இன்னொரு குதிரை நின்றால் பாதி வேலை முடிந்தது. தீனி போட்ட கையோடு பழக்காதீர்கள், ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். சேணம் கூடாது. படுத்துப் புரண்டால் அதன் சட்டம் உடையும், முதுகும் காயப்படும். தலைக்கயிறு மட்டும், சுமார் 12 அடி நீளம், தளர்வாக உங்கள் கையில்.

மணலுக்குப் போகுமுன் ஒரு பாடம் உண்டு: ‘நீ செய்தது சரி, பரிசு வருகிறது’ என்று சொல்லும் ஒரு சத்தம். அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியை வாங்கினால் நல்லது, இல்லாவிட்டால் வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு குட்டிச் சொல். நாக்கைத் தட்டும் ஒலி வேண்டாம். குதிரையை நடக்க விரட்ட அதைத்தானே பயன்படுத்துகிறோம்! சத்தம், உடனே ஒரு துண்டு கேரட். கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். பையைத் தேடி மூக்கை நீட்டினால் ஒன்றும் கிடையாது, முகத்தைத் திருப்பி நேராக நின்றால்தான் கிடைக்கும். இந்த மரியாதை வராத குதிரையைத் தரையில் படுக்கவைத்து, பக்கத்தில் குனிந்து நிற்காதீர்கள்.

இனி மணல். சவாரி முடிந்து சேணத்தடி வியர்த்திருக்கும்போதோ, குளிப்பாட்டி உடம்பு ஈரமாக இருக்கும்போதோ கொண்டு போங்கள். புரளும் ஆசை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உள்ளே வந்ததும் கயிற்றைத் தளரவிட்டு, தோளுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். எதிரே நிற்க வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். குதிரை மணலை மோப்பம் பிடிக்கும், முன்னங்காலால் பறிக்கும், ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு நான்கு கால்களும் வயிற்றடியில் நெருங்கும், முதுகு லேசாக வளையும், முழங்கால் நடுங்கினாற்போல் தளரும். அந்த நொடிதான் ‘படு’ என்று சொல்ல வேண்டிய நொடி. முழங்கால் மடியும், முன்பக்கம் இறங்கும், பின்பக்கம் தொப்பென்று உட்காரும்.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுவார்கள். முழங்கால் மடிந்த மகிழ்ச்சியில் உடனே கிளிக் அடிப்பார்கள். குதிரை பரிசுக்காகப் பாதியில் எழுந்து நிற்கும். காலால் மணலைப் பறிக்கும்போதே அடித்தால் இன்னும் மோசம், படுப்பதை மறந்துவிட்டு நாளெல்லாம் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும். வயிறு மணலைத் தொட்ட பிறகே அடியுங்கள்.

படுத்ததும் அது புரளும். புரளட்டும், கிட்டே போகாதீர்கள். ஒரு உந்தலில் முழுக்கப் புரண்டு உங்கள் பக்கமே வந்துவிடும். புரண்டு முடித்து, எழுமுன் கால்களை மடக்கித் தலை நிமிர்த்தி ஒரு கணம் உட்காரும். முதல் சில தடவை உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு கணம்தான். முதுகுப் பக்கமாக, தோளுக்கு நேரே மெதுவாக அணுகி, வாயருகே துண்டு துண்டாக ஐந்தாறு கொடுங்கள். கால்கள் இருக்கும் பக்கமும், தலைக்கு எதிரேயும் ஆபத்து. எழும்போது முன்னங்கால்கள் பாயும் இடம் அது. மண்டியிட்டு உட்காராதீர்கள், குந்தியே இருங்கள். நொடியில் விலக வேண்டிவரும். எழுந்துவிட்டால் போகட்டும், திட்டக் கூடாது, கயிற்றை இழுக்கவும் கூடாது. படுத்திருக்கும்போது பரிசு, எழுந்தால் நின்றுபோகும். அந்தக் கணக்கு அதற்கு விரைவிலேயே புரியும்.

உட்கார்ந்தபடி பரிசை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். அப்போது ‘எழு’ என்ற சொல்லையும் சேர்த்து, நீங்கள் சொன்ன பிறகே எழும்படி பழக்குங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், ஆனால் உங்கள் பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது.

அதன்பின் ‘படு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுங்கள்: கால் நெருங்கும்போது, பிறகு சுற்றும்போது, பிறகு மோப்பம் பிடிக்கும்போது, கடைசியில் மணலில் வந்து நின்றவுடனே. சொல்லோடு சேர்த்து, கையை அதன் முன்னங்காலருகே தரையை நோக்கித் தாழ்த்துங்கள். சொல்லைவிட உடலசைவைக் குதிரை சீக்கிரம் படிக்கும். ஈர உடம்பு இல்லாமலும் படுக்கிறதா என்று இப்போது சோதிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று தடவை. அதற்கு மேல் மூட்டு தாங்காது.

வாரக்கணக்கில் காத்திருந்தும் உங்கள் முன்னால் புரளவே புரளாத குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு காலைக் கையில் தூக்கிப்பிடித்து வணங்கவைத்து, அங்கிருந்து படுக்கைக்கு இறக்கும் முறை இருக்கிறது. முழங்காலும் தோளும் சுளுக்க வாய்ப்பு அதில் அதிகம். பழகிய பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

படுத்துப் பழகியபின் பக்கவாட்டில் தலை சாய்த்து நீட்டிப் படுக்கவும் பழக்கலாம். அந்த நிலையில் தின்னக் கொடுக்காதீர்கள், புரையேறும். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். சொந்த எடையே கீழ்ப்பக்க நுரையீரலையும் தசைகளையும் அழுத்தும். அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசையும் இந்தக் கட்டத்தில்தான் வரும், விட்டுவிடுங்கள்.

கெட்டுப்போவது எப்படி? பரிசு ருசித்த குதிரை கேட்காமலே படுக்கத் தொடங்கும், அதுவும் ஆள் ஏறியிருக்கும்போது. குழந்தை மேலே இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரில் படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சொல்லாமல் படுத்தால் பரிசே கிடையாது என்ற விதியை முதல் நாளிலிருந்து காப்பாற்றுங்கள். வெகுகாலம் அந்த ஒரே மணல் திடலில் மட்டும் கேளுங்கள். சவாரியில் தலை தாழ்த்திக் காலால் பறிக்க ஆரம்பித்தால் உடனே தலையை நிமிர்த்தி, முன்னே விரட்டி நடத்துங்கள். முழங்கால் மடித்துப் பின்பக்கத்தை இறக்க முடியாமல் திரும்பத் திரும்ப எழுகிறதென்றால் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். தரை கடினமாக இருக்கும், இல்லையேல் பின்மூட்டில் வலி.

டிக்கெட் போட்டுக் கூட்டம் கூட்டிக் காட்டும் எண்ணம் இருந்தால், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பயிற்சிக்கும் காட்சிக்கும் பதிவு பெற வேண்டும்.

படுக்கப் பழகிய குதிரை வைத்திருப்பவர் மறக்கக் கூடாத ஒன்று: அது நேரங்கெட்ட நேரத்தில் படுத்தால் ‘வித்தை காட்டுகிறது’ என்று சிரிக்காதீர்கள். படுப்பதும் எழுவதுமாக இருக்கிறதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, வியர்க்கிறதா, லத்தி போடவில்லையா? அது கோலிக் எனப்படும் வயிற்றுவலியாக இருக்கலாம். தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை, நடக்க முடிந்தால் கயிற்றில் மெதுவாக நடத்துங்கள்.