கஃபேக்கு வாங்குற சோஃபால 'க்ரிப் 5'னு போட்டிருக்கே, அது என்ன?

இது பிரிட்டிஷ் டெஸ்ட், பிஎஸ் 5852ன்னு ஒரு ஸ்டாண்டர்டுல வருது. சின்ன மரக்குச்சிகளை அடுக்கி ஒரு குட்டிக் கூடு மாதிரி கட்டுவாங்க, மொத்தமே 17 கிராம்தான், ஃபோம் மேல துணி போட்டு நாற்காலி வடிவத்துல வச்சு, உக்கார்ற பாகமும் சாயுற பாகமும் சேர்ற மூலையில அந்தக் கூட்டை வச்சு பத்த வைப்பாங்க, 10 நிமிஷத்துக்குள்ள தீ தானா அணையணும், அப்புறம் உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கவும் கூடாது.

இங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டெஸ்ட் துணியும் ஃபோமும் சேர்த்துப் பண்றது. துணிக்கு மட்டும் சர்டிஃபிகேட் காட்டி "பாஸ் சார்"னு சொன்னா நம்பாதீங்க, எந்த ஃபோம் மேல வச்சு டெஸ்ட் பண்ணாங்கன்னு ரிப்போர்ட்டையே கேளுங்க.

எந்த இடத்துக்கு எந்த டெஸ்ட் வேணும்னு பிஎஸ் 7176ங்கிற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு சொல்லுது. சாதாரண ஆபீஸுன்னா சிகரெட், தீக்குச்சி டெஸ்ட் போதும், ஹோட்டல் ரெஸ்டாரன்ட் மாதிரி இடம்னா க்ரிப் 5, ஜெயில் செல்லுக்கு குறைஞ்சது 126 கிராம் க்ரிப் 7.

ஃபோமுக்கு ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, 1979 மே மாசம் மான்செஸ்டர் உல்வொர்த்ஸ் கடையில ஃபர்னிச்சர் செக்‌ஷன்ல தீ பிடிச்சு 10 பேர் செத்தாங்க. பாலியூரித்தேன் ஃபோம் எரிஞ்சா கரும்புகை அவ்ளோ வேகமா வரும், கூடவே கார்பன் மோனாக்சைடு, சயனைடு வாயு. தீ பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்ளரும் அந்தக் கடையில இல்ல. அதுக்கப்புறம் வந்த 1988 சட்டம் வீட்டு ஃபர்னிச்சருக்குத்தான், உங்க கஃபே இங்கிலாந்துலயோ வேல்ஸ்லயோ இருந்தா 2005 தீ பாதுகாப்பு ஆணைப்படி ரிஸ்க் பாக்குற பொறுப்பு உங்க தலையில.