தீவுக்குத் தீவு படகில்: கரீபியன் கேள்வி பதில்

கேள்வி: வரைபடத்தில் தீவுகள் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. திரினிடாடில் ஏறி, போர்ட்டோ ரிக்கோ வரை படகிலேயே போய்விடலாமா ஐயா?

பதில்: முடியாது. நூல் பல இடங்களில் அறுந்திருக்கிறது. ஒரே நாட்டுக்குள் படகுக்குப் பஞ்சமில்லை: திரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டொபேகோ, செயின்ட் வின்சென்ட்டின் கிங்ஸ்டவுனிலிருந்து பெக்வே, செயின்ட் கிட்ஸிலிருந்து நெவிஸ். நாடு மாறும் இடத்தில்தான் சிக்கல். கிரெனடாவைச் சேர்ந்த கரியகூவில் நின்றால், செயின்ட் வின்சென்ட் நாட்டின் யூனியன் தீவு கண்ணெதிரே தெரியும். அந்தச் சிறு இடைவெளியை வாடகை மோட்டார் படகில் கடப்பவர்கள் உண்டு. இக்கரையில் வெளியேறும் முத்திரை வாங்காமல் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: நாடு விட்டு நாடு போக நல்ல தடம் எது?

பதில்: குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக், செயின்ட் லூசியா. இந்த நான்கையும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் விரைவுப் படகுகள் இணைக்கின்றன. எல்லா நாளும் ஓடாது. முதலில் படகு நாளைப் பாருங்கள், பிறகு அறை எடுங்கள். நான் தலைகீழாகச் செய்து, டொமினிக்காவின் ரோசோ நகரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினேன். மழைக்காட்டைச் சுற்றியதால் வருத்தமில்லை; பணப்பைக்குத்தான் வருத்தம்.

கேள்வி: என்னிடம் ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இருக்கிறது. போதும்தானே?

பதில்: போதாது. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்ஸைச் சேர்ந்தவை, அங்கே யூரோதான் செல்லும். ஆனாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர் பொதுவாக அந்தப் பகுதிகளுக்கென்று தனி விசா கேட்டு வாங்க வேண்டும். டொமினிக்காவில் இறங்கினால் கிழக்குக் கரீபியன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது 1976 முதல் மாறாத விகிதம். கடைக்காரர் குறைத்துச் சொன்னால் விடாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும். தாங்குமா அண்ணா?

பதில்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரோசோவிலிருந்து மார்த்தினிக் கிளம்பும்போது கடல் குளம்போல் கிடக்கும். கிழக்கிலிருந்து வரும் காற்றை டொமினிக்காவின் மலைகள் மறைத்துக்கொள்வதால் வரும் பொய்த்தோற்றம் அது. தீவின் தென்முனையைத் தாண்டியதும் அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் அறையும். என் முன் வரிசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, அதைக் காகிதத்தில் மெதுவாகச் சுற்றி வைத்தார். ஐந்தாவது நிமிடம் ஊழியர் பைகளை நீட்டிக்கொண்டே வந்தார். மார்த்தினிக் மலை மறைப்புக்குள் நுழைந்த பிறகுதான் பேச்சுக்குரல் மறுபடி கேட்டது. மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் தங்காது. கீழ்த்தளத்தில், பின்பக்கம், நடுவில் உட்காருங்கள். காட்சிக்காக முன்வரிசைக்கு ஓடுகிறவர்கள்தான் முதலில் பை கேட்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று இன்னும் பலமாக இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். நான் போவதென்றால் ஏப்ரல்.

கேள்வி: கிரெனடாவிலிருந்து கரியகூ போகும் படகு எரிமலைக்கு மேலே செல்கிறதாமே?

பதில்: மேலே இல்லை, சுற்றி. 'கிக் எம் ஜென்னி' என்ற அந்த எரிமலை கடலுக்கடியில் இருக்கிறது, கடைசியாக 2017இல் சீறியது. அமைதியான நாளிலும் 1.5 கி.மீ. விலகித்தான் போக வேண்டும்.

கேள்வி: டொபேகோவுக்குப் படகா, விமானமா?

பதில்: கார் கொண்டுபோவதென்றால் படகு. கைப்பை மட்டும் என்றால் விமானம். அரை மணி நேரம்கூட ஆகாது.