தலைவிதியும் 350 மில்லி விநாடியும்

கேள்வி: நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் நிரூபித்துவிட்டாராமே? அப்படியானால் எல்லாம் தலைவிதிதானே?
- வாசகர் ஒருவர், தேனி

பதில்: முதலில் அந்தத் தலைவிதியை எடுத்துக்கொள்கிறேன். நியூட்டன் சொன்னதும் விதி, சாலையில் கடைப்பிடிப்பதும் விதி, பிரம்மா நெற்றியில் எழுதுவதும் விதி. ஆங்கிலத்தில் ‘டிடர்மினிசம்’ (determinism) என்பதற்கு உளவியல் கட்டுரையில் ‘விதிவாதம்’ என்று போட்டால் படிப்பவர் மனதில் பிரம்மாதான் வந்து உட்காருவார். ‘நியதிவாதம்’ என்று மாற்றினாலும் தீராது. நியதி, புத்தர் காலத்துத் துறவிகளான ஆசீவகர்களின் சொல். முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, எறிந்த நூலுண்டை அவிழ்ந்து தீர்வதுபோல உயிர்கள் சுற்றித்தான் தீர வேண்டும் என்பது அவர்களின் தலைவர் மக்கலி கோசாலரின் கொள்கை என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன.

உளவியல் சொல்வது அதற்கு நேர் எதிர். நடத்தைக்குக் காரணங்கள் உண்டு, காரணத்தை மாற்றினால் நடத்தை மாறும். சுயவிருப்பம் என்பதையே ஏற்காத அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர்தான், மாணவர் விடை எழுதியதும் அது சரியா என்று அப்போதே காட்டும் கற்பித்தல் இயந்திரத்தை 1950-களில் செய்தார். எல்லாம் தலையெழுத்து என்று நம்பியவர் அதைச் செய்திருக்க மாட்டார். அதனால்தான் ‘காரணவாதம்’ என்று எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி லிபெட். 1983-இல் வெளியான சோதனை. 2.56 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும் ஒளிப்புள்ளியைப் பார்த்தபடி, பங்கேற்பவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அந்த எண்ணம் முதலில் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். உச்சந்தலையில் பதிவான மூளையின் மின் அலை, அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே ஏறத் தொடங்கியது. எண்ணம் எழுந்ததாகச் சொன்னது சுமார் 200 மில்லி விநாடி முன்பு. இடையில் உள்ள 350-ஐ வைத்துத்தான் இத்தனை ஆரவாரம்.

அந்த அலை ஒரே ஒரு பதிவில் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சலில் மூழ்கிவிடும். 40 அசைவுகளின் பதிவுகளை, அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கி அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். சிக்கல் அங்கேதான். அடுப்பில் பால் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பொங்கி வழிந்த 40 தடவைகளை மட்டும் எடுத்து, வழிந்த கணத்திலிருந்து பின்னால் ஓட்டிப் பாருங்கள். சராசரியில் பால் முன்கூட்டியே தீர்மானித்து ஏறியதுபோலத்தான் தெரியும். ஏறி, வழியாமல் அடங்கிய நேரங்கள் கணக்கிலேயே இல்லை. மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு பிறக்கிறது என்று வைத்துக்கொண்டாலே இதே கோடு கிடைக்கும் என்று 2012-இல் நரம்பியல் ஆய்வாளர் ஆரோன் ஷர்கரின் குழு காட்டியது. ‘நிரூபித்துவிட்டார்’ என்று எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

லிபெட்டே தலைவிதி பேசவில்லை. எண்ணம் எழுந்த பிறகும் ‘வேண்டாம்’ என்று நிறுத்த சுமார் 100 மில்லி விநாடி அவகாசம் இருக்கிறது என்றுதான் வாதாடினார்.

மணிக்கட்டை இந்த நொடி ஆட்டினால் என்ன, அடுத்த நொடி ஆட்டினால் என்ன? எதைத் தேர்ந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று மூன்று மாதமாகக் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பவரிடம் இந்த 350 மில்லி விநாடியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.