வாசகர் கேள்வி பதில்: கலர் டிவி வந்தபோது பழைய பெட்டி எப்படிப் பிழைத்தது?

கேள்வி: 1982-லேயே கலர் ஒளிபரப்பு வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டிலோ கறுப்பு வெள்ளை டிவிதான், ராமாயணம் தொடர் முழுக்க அதில்தான் பார்த்தோம். அப்படியென்றால் இரண்டு விதமாக ஒளிபரப்பினார்களா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை, ஒரே ஒளிபரப்புதான். 1982 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர தின விழாவோடு தூர்தர்ஷன் கலருக்கு வந்தது, நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைக் கலரில் காட்டியது. ஏழை நாட்டுக்குக் கலர் ஒரு கேடா என்று அப்போது பலமான எதிர்ப்பு இருந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே கலர் வேண்டும் என்று உறுதியாக நின்றார். பழைய பெட்டிகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டிய நிலை வந்திருந்தால் நானும் எதிர்த்தவர்கள் பக்கம்தான் இருந்திருப்பேன். ஆனால் அப்படி ஆகாதபடிதான் அந்த முறையையே வடிவமைத்திருந்தார்கள்.

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. அதை அப்படியே அனுப்பாமல், சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று கலந்து முதலில் ஒரு வெளிச்ச சிக்னல் செய்கிறார்கள் (நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும், அதனால்தான் அதற்கு அவ்வளவு பங்கு). இந்த வெளிச்ச சிக்னல்தான் உங்கள் வீட்டில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம். அப்புறம் நிறத்தை மட்டும் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அதே சிக்னலுக்குள் நுழைத்துவிடுகிறார்கள். பழைய பெட்டி அதைக் கண்டுகொள்வதில்லை, கலர் பெட்டி பிரித்தெடுத்துக்கொள்கிறது. கலர் வாங்க வசதியில்லாத வீட்டையும் மனதில் வைத்து ஒரு தொழில்நுட்பம் செய்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைக்கு நல்லா ஓடுகிற போனைக்கூட நாலே வருடத்தில் உதவாததாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். 80-களில் பிரான்சிலிருந்து ஒரு கலர் டிவி கொண்டுவந்தார். இங்கே படமும் சரியாக வரவில்லை, சத்தமும் வரவில்லை. கடைசிவரை துணி போர்த்தி மூலையிலேயே கிடந்தது. ஏமாந்துவிட்டாரா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏமாறவில்லை, டிவியிலும் பழுது இருந்திருக்காது. நாம் எடுத்துக்கொண்டது ஜெர்மனியில் டெலிபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் உருவாக்கிய ‘பால்’ (PAL) என்ற கலர் ஒளிபரப்பு முறை. அதில் படத்தின் ஒரு வரி விட்டு ஒரு வரி நிற சிக்னலைத் தலைகீழாக்கி அனுப்புவதால், வழியில் நேரும் நிறப்பிழை தானாகவே அடிபட்டுப்போகும். பிரான்ஸ் 1967-ல் கலர் தொடங்கியபோதே செகாம் என்று தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டது. இரண்டு நாட்டிலும் 625 வரிகள்தான், மின்சாரமும் ஒத்துப்போகும், அதனால் டிவி ஆன் ஆகியிருக்கும். ஆனால் வெளிச்சத்தை அலையில் ஏற்றுவதில் அவர்கள் வழி நமக்கு நேர் எதிர், அதனால் இங்கே படம் நிலைகொள்ளாது. சத்தத்தை அலையில் ஏற்றும் முறையும் வேறு, அங்கே ஏ.எம்., இங்கே எஃப்.எம். நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்! இரண்டு முறையையும் ஏற்கும் மல்டி சிஸ்டம் டிவியாக இருந்திருந்தால் ஓடியிருக்கும். எவ்வளவோ ஆசையோடு சுமந்துவந்திருப்பார், பாவம். வீட்டில் யாராவது இன்னும் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளை டிவி முன்னால் ஒரு கலர் தாள் மாட்டுவார்களே, அது என்ன?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். மேலே நீலம், கீழே பச்சை என்று இருக்கும். வானமும் வயலும் வந்தால் பொருந்தும், முகம் பெரிதாக வந்தால் நெற்றி நீலமாகிவிடும். சிக்னலில் வரும் நிறத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.