ஃபோர்க் மாத்துனதுக்கு மோட்டார் வாரண்டி போயிடுமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார், நான் அடையாறு. போன வருஷம் ஒரு எலக்ட்ரிக் மவுண்டன் பைக் 62,000 ரூபாய்க்கு வாங்குனேன், 250 வாட்டுக்கும் கீழ, மோட்டார் பின் வீல் நடுவுல ஹப்ல இருக்கு, அதுக்கு 2 வருஷம் வாரண்டி. முன் வீலைப் புடிச்சிருக்கற, கூட வந்த ஸ்பிரிங் ஃபோர்க் நம்ம ரோட்டுக்கே தாங்கல, கை வலி. அதனால பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடைல 18,000 குடுத்து 120 எம்எம் ஏர் ஃபோர்க் வாங்கி அங்கயே மாட்டுனேன் (குலுங்கும்போது 120 எம்எம் அமுங்கும், பழசு 100 எம்எம்). 5 மாசம் நல்லா ஓடுச்சு. மழை சீசன்ல ஒரு நாள் மோட்டார் வெட்டி வெட்டி இழுத்துச்சு, அப்புறம் நின்னே போச்சு. சர்வீஸ் சென்டர்ல பாத்த உடனே, ஃபோர்க் மாத்திருக்கீங்க, வாரண்டி போச்சு, மோட்டாருக்கு 14,500 ஆகும்னுட்டாங்க. இப்ப ஃபோர்க்லயும் இடது கால்ல ஆயில் கசியுது, கடைக்காரர் கேட்டா ஈ-பைக் வெயிட்டுக்கு இது தாங்காதுன்றார். பைக்கை மாடிஃபை பண்ணது ஆர்டிஓ கேஸ் ஆகும்னு ஃப்ரெண்ட் வேற பயமுறுத்தறான். என்ன சார் பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 14,500ஐ இப்ப கட்டிடாதீங்க. ஆபீஸ் போக பைக் இல்லாம முடியல, கட்டித்தான் ஆகணும்னா "வாரண்டி மறுப்பை ஏத்துக்காம, ஆட்சேபத்தோட கட்டறேன்"னு ஒரு மெயில் போட்டுட்டு கட்டுங்க, கழட்டுன பழைய மோட்டாரை கண்டிப்பா திருப்பி வாங்கி வீட்டுல வைங்க. நெறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, பழைய பார்ட்ஸை சர்வீஸ் சென்டர்லயே விட்டுட்டு வந்துடறாங்க, அப்புறம் நுகர்வோர் கமிஷன்ல போய் நின்னா காட்டறதுக்கு கையில ஒண்ணுமே இருக்காது.

நீங்க அனுப்புன வாரண்டி கார்டு போட்டோவை ரெண்டு தடவ படிச்சேன். கம்பெனி அனுமதி இல்லாம பார்ட்ஸ் மாத்தி "அதனால" வர்ற பழுதுக்கு வாரண்டி கிடையாதுன்னுதான் இருக்கு. மாத்துனாலே மொத்த வாரண்டியும் போச்சுன்னு எங்கயும் இல்ல. அந்த ஒரு "அதனால"தான் உங்க கேஸ். முன்னாடி இருக்கற ஃபோர்க் பின் வீல்ல இருக்கற மோட்டாரை எப்படி கெடுத்துச்சுன்னு அவங்கதான் காட்டணும், ஏன்னா விதிவிலக்கை சொல்லி தப்பிக்கப் பாக்கறது அவங்க. சும்மா கண்ணால பாத்து ஃபோர்க் வேற மாதிரி இருக்குன்னு சொல்றது காரணம் ஆகாது. மழைக்காலத்துல நின்னுச்சுன்னு நீங்களே சொல்றீங்க, தண்ணி ஹப்புக்குள்ளயோ, மோட்டாருக்கு கரண்டை அளந்து விடற கண்ட்ரோலர்லயோ இறங்கிருக்கலாம், வெட்டி வெட்டி இழுக்கறது மோட்டார் சுத்தற நிலைய பாக்கற ஹால் சென்சார் போனாலும் வரும். இதுக்கெல்லாம் ஃபோர்க் என்ன செய்யும்?

ஆனா உங்க பக்கம் ஒரு ஓட்டை இருக்கு, அத மறைச்சு பேச எனக்கு மனசு இல்ல. ஃபோர்க் மாத்தணும்னா ஹேண்டில்பார், ஸ்டெம் எல்லாம் கழட்டுவாங்க. பிரேக் புடிச்சா மோட்டாரை கட் பண்ற சென்சார் ஒயர், டிஸ்ப்ளே ஒயர் எல்லாம் அந்த ஹேண்டில்பார்லதான் இருக்கு. மாட்டும்போது ஒயர் நசுங்கியோ இழுபட்டோ இருந்தா மோட்டார் நல்லா இருந்தாலும் ஓடாது. கம்பெனி வக்கீல் விவரமானவரா இருந்தா இதைத்தான் புடிப்பார். அதனால நாம முந்திக்கணும். சர்வீஸ் சென்டருக்கு போய் அவங்க முன்னாடியே அந்த பிரேக் சென்சார் கனெக்டரை கழட்டிட்டு மோட்டார் ஓடுதான்னு பாக்க சொல்லுங்க, அத அப்படியே வீடியோ எடுங்க. ஓடுச்சுன்னா பிரச்சனை மோட்டார்லயே இல்ல, ஒரு சென்சார் மாத்துனா முடிஞ்சுது, 14,500 பேச்சே வராது. ஓடலன்னா பிரேக் சென்சார் வாதம் அங்கயே செத்துப் போச்சு, டிஸ்ப்ளே ஒயரையும் அப்படியே அவங்களையே பாக்க சொல்லுங்க. நீங்களா வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் எடுத்து எதையும் திறக்காதீங்க, கஸ்டமர் திறந்துட்டார்னு ஒரு புது காரணத்தை நாமளே அவங்க கையில குடுத்த மாதிரி ஆயிடும்.

அடுத்து, வாரண்டி இல்லன்னு வாயால சொன்னத எழுத்துல வாங்குங்க. எந்த பாகம் பழுது, என்ன டெஸ்ட் பண்ணீங்க, ஃபோர்க் மாத்துனதுக்கும் இதுக்கும் என்ன தொடர்புன்னு மூணே மூணு கேள்வி வெச்சு மெயில் போடுங்க. பதில் வந்தாலும் உங்களுக்கு லாபம், வரலன்னாலும் லாபம். அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுல ஒரு புகார் போடுங்க, சில கம்பெனிங்க அந்த இடத்துலயே இறங்கி வந்துடும். வரலன்னா 15 நாள் டைம் குடுத்து வக்கீல் நோட்டீஸ், தயாரிச்ச கம்பெனிக்கும் வித்த டீலருக்கும் சேத்து. ஒருத்தர விட்டா அவர் இன்னொருத்தர கை காட்டுவார்.

அதுக்கும் மசியலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல மாவட்ட கமிஷன். கம்பெனி வேற ஸ்டேட்ல இருக்கு, கார்டுல அந்த ஊர் கோர்ட்டுதான்னு போட்டிருக்குன்னு தயங்காதீங்க, 34வது பிரிவு படி நீங்க குடியிருக்கற இடத்துலயே கேஸ் போடலாம், அதாவது சென்னைலயே. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சுக்கணும்னு கட்டாயமும் இல்ல, ஆன்லைன்லயே இ-ஜாக்ரிதின்ற அரசு போர்ட்டல்ல போடலாம். டைம் 2 வருஷம், வாரண்டிய மறுத்த தேதில இருந்து எண்ணுங்க. மோட்டார்ல என்ன பழுதுன்னு சண்டை வந்தா 38வது பிரிவுல லேபுக்கு அனுப்ப சொல்லி நாமளே மனு போடலாம், டெஸ்ட் செலவ மொதல்ல நீங்கதான் கட்டணும், அதுக்குத்தான் பழைய மோட்டார் கையில இருக்கணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன். 3 மாசம், லேப் டெஸ்ட் இருந்தா 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல எழுதிருக்கு, நடைமுறைல அதுக்கு மேலயும் இழுக்கும், மனச திடமா வெச்சுக்கோங்க. புகார்ல என்ன கேக்கறதுன்னா, மோட்டாரை இலவசமா மாத்தித் தரணும், இல்ல 14,500 வட்டியோட, கூட மன உளைச்சலுக்கும் கேஸ் செலவுக்கும் நியாயமா ஒரு தொகை. லட்சக்கணக்குல கேக்காதீங்க, கேஸோட மதிப்புதான் கெடும்.

இண்டர்நெட்டுல படிச்சுட்டு "வேற பார்ட் போட்டதுக்காக வாரண்டிய ரத்து பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருக்கு"ன்னு நெறைய பேர் எங்கிட்ட வராங்க. அது 1975ல அமெரிக்காவுல வந்த மேக்னசன் மாஸ் சட்டம், அத நோட்டீஸ்ல எழுதிடாதீங்க. நமக்கு சேவைக் குறைபாடுன்ற வழியே போதும். இத படிக்கற வேற யாருக்காவது கார்டுல "எத மாத்துனாலும் மொத்த வாரண்டியும் ரத்து"ன்னு அச்சடிச்சிருந்தா, அந்த ஷரத்தே நியாயமில்லாத ஒப்பந்தம்னு அடிக்கலாம், ஆனா அந்த மாதிரி புகார் மாவட்ட கமிஷனுக்கு போகாது, மாநில கமிஷனுக்குத்தான் போகணும்.

இப்ப ஃபோர்க் கடைக்காரர். இதுல உங்க நிலைமை எனக்கு ரொம்ப தெம்பா தெரியுது. நீங்க அனுப்புன சாட்டையும் பாத்தேன், வாங்கறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல பைக் போட்டோ அனுப்பி "ஈ-பைக், 24 கிலோ, இதுக்கு செட் ஆகுமா அண்ணா"ன்னு கேட்டிருக்கீங்க, அவரும் "தாராளமா போடலாம்"னு பதில் போட்டிருக்கார். எதுக்காக வாங்கறோம்னு சொல்லி, கடைக்காரர் அனுபவத்த நம்பி வாங்குனா, பொருள் அந்த வேலைக்கு ஏத்ததா இருக்கணும்றது 1930 சரக்கு விற்பனை சட்டம் 16வது பிரிவு. இப்ப வந்து வெயிட் தாங்காதுன்னு அவர் சொல்றது அவரே அவருக்கு எதிரா குடுக்கற வாக்குமூலம். அதையும் ஒரு மெசேஜா வாங்கிடுங்க. அந்த சாட்டை டெலீட் பண்ணாதீங்க, போனை மாத்தாதீங்க, கேஸ் போடும்போது புது சாட்சிய சட்டம் 63வது பிரிவுல ஒரு சான்றிதழ் சேத்துடலாம். ஆனா இத மோட்டார் கேஸோட ஒண்ணா கட்டாதீங்க, தனி புகார். சேத்தா "ஃபோர்க்கே பைக்குக்கு பொருந்தாததுதானே"ன்னு கம்பெனி நம்ம பேப்பரையே எடுத்து நம்ம மேல வீசும்.

ஆர்டிஓ விஷயத்துக்கு தூக்கம் கெட வேணாம். 250 வாட்டுக்கு கீழ, பெடல் பண்ணும்போது உதவி செஞ்சு 25 கிலோமீட்டர் வேகத்துல மோட்டார் கட் ஆகற சைக்கிளை மோட்டார் வாகனமாவே எடுத்துக்கறதில்ல, ரெஜிஸ்ட்ரேஷன் லைசென்ஸ் எதுவும் இல்ல, அதனால வாகனத்த மாத்தி அமைக்கறதுன்ற மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவும் உங்களுக்கு வராது. ஆர்டிஓ பொறுத்தவரைக்கும் ஃபோர்க் எத வேணா போடலாம். மோட்டார் போச்சேன்னு கோவத்துல 750 வாட் கிட் எதுவும் போட்டுடாதீங்க, அன்னைக்கே அது மோட்டார் வாகனம், இன்சூரன்ஸ் இல்லாம யாரையாவது இடிச்சா மொத்த நஷ்ட ஈடும் உங்க தலையில.

ஒரு விஷயத்துல மட்டும் சட்டம் உங்களுக்கு கை குடுக்காம போகலாம். 20 எம்எம் உசந்த ஃபோர்க் போட்டதால ஹெட் ஆங்கிள், அதாவது ஹேண்டில்பார் தண்டோட சாய்வு, ஏறக்குறைய ஒரு டிகிரி சாஞ்சிருக்கும், அந்த தண்டு நுழையற ஃப்ரேமோட ஹெட் ட்யூப் மேல விழற பளுவும் கூடும். நாளைக்கு அந்த இடத்துல விரிசல் விட்டு நீங்க விழுந்தா, ஃபோர்க்குக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு கம்பெனி சொல்றது எடுபடும், டீலர் மேல பொறுப்பு கேட்டாலும் பொருளை மாத்தி அமைச்சிருக்கார்னு நுகர்வோர் சட்டம் 87வது பிரிவ காட்டி விலகிக்குவார். அதனால ஃப்ரேமுக்கு எத்தன எம்எம் வரைக்கும் ஃபோர்க் போடலாம்னு கம்பெனிக்கு தனியா ஒரு மெயில் போட்டு கேளுங்க, 120 கூடாதுன்னு பதில் வந்தா கௌரவம் பாக்காம பழைய ஃபோர்க்கையே திருப்பி மாட்டிடுங்க, அத யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பீங்கன்னு நம்பறேன்.

அதுவரைக்கும் பெடல் பண்ணியாவது ஓட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க. ஆயில் கசியற அந்த இடது கால்லதான் டிஸ்க் பிரேக் கேலிப்பரும் இருக்கு, டிஸ்க்லயோ பேட்லயோ ஆயில் பட்டா முன் பிரேக் புடிக்காது. கசியறத தேதியோட நாலஞ்சு போட்டோ எடுத்துட்டு, வேற ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டி என்ன பழுதுன்னு பில்லுல எழுதி வாங்கிட்டு, அப்புறமா ஃபோர்க்கோட ஆயில் சீல மாத்துங்க.