பதின்மூன்று நொடியும் ஒரு தடுத்த உதையும்: வாசகர் கேள்வி பதில்

2022 ஜனவரி 22, 23 தேதிகளில் அமெரிக்கக் கால்பந்தின் ப்ளே-ஆஃப் காலிறுதிகள் நான்கும் நடந்தன. நான்குமே கடைசி ஆட்டத்துண்டில்தான் முடிந்தன. சின்சினாட்டி பெங்கால்ஸ் 19, டென்னசி டைட்டன்ஸ் 16. சான் பிரான்சிஸ்கோ 49-எர்ஸ் 13, கிரீன் பே பேக்கர்ஸ் 10. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 30, டாம்பா பே பக்கனீர்ஸ் 27. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 42, பஃபலோ பில்ஸ் 36. முதல் மூன்றையும் நேரம் தீரும்போது அடித்த உதை தீர்த்துவைத்தது; நான்காவதைக் கூடுதல் நேர டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள், அதாவது மைதானத்தின் கடைசி 10 கெஜத்துக்குள், பந்தைக் கொண்டுசேர்ப்பது; 6 புள்ளி). "இவற்றில் சிறந்தது கிரீன் பே ஆட்டம்" என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு நம் மலை ஊர்களிலிருந்து பலர் மறுத்து எழுதியிருக்கிறார்கள். வந்தவற்றில் சில:

வெறும் 13 நொடியில் சீஃப்ஸ் எப்படி 44 கெஜம் போனார்கள்? பில்ஸின் தடுப்பாட்டம் தூங்கிவிட்டதா?
(தேயிலை விவசாயி, கோத்தகிரி)

தூங்கவில்லை, தவறான இடத்தில் காவல் நின்றது. அதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிட்டது. ஆட்டம் முடிய 13 நொடி இருக்க, 36-33 என்று முன்னேறிய பிறகு பில்ஸ் கிக்-ஆஃப் பந்தை (புள்ளி எடுத்த அணி எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்தை) எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் உதைத்துவிட்டார்கள். அப்படிப் போனால் யாரும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, கடிகாரமும் நகராது. சீஃப்ஸ் தங்கள் 25-ஆம் கெஜக் கோட்டில், அதாவது தங்கள் எல்லைப் பகுதியிலிருந்து 25 கெஜத்தில், 13 நொடியும் குறையாமல் தொடங்கினார்கள். அதற்குப் பதில் பந்தைத் தரையோடு உருட்டி உதைத்திருந்தால், எதிரணியில் ஒருவர் அதைப் பொறுக்கி ஓட வேண்டும். அதிலேயே நான்கைந்து நொடி கரைந்திருக்கும். மீதி நேரத்தில் இரண்டு பாஸ் போட முடியாது.

அடுத்தது காவல். நேரம் குறைந்தால் தாக்கும் அணி பக்கக் கோட்டை நோக்கித்தான் வீசும், கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் கடிகாரம் நிற்கும் என்பது பொதுவான எண்ணம். அதனால் பில்ஸ் பக்கக் கோடுகளையும் பின்புறத்தையும் அடைத்து நின்றார்கள். ஆனால் சீஃப்ஸ் கையில் டைம்-அவுட், அதாவது கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் உரிமை, இருந்தது. டைம்-அவுட் உள்ள அணிக்கு மைதானத்தின் நடுவும் பக்கமும் ஒன்றுதான். டைரீக் ஹில்லுக்கு 19 கெஜம், டிராவிஸ் கெல்சிக்கு 25 கெஜம், இரண்டும் நடுவிலேயே. பந்து பில்ஸின் 31-ஆம் கோட்டுக்கு வந்தபோது 3 நொடி பாக்கி. ஹாரிசன் பட்கர் 49 கெஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி) அடித்துச் சமன் செய்தார்.

31-ஆம் கோட்டிலிருந்து 49 கெஜம் எப்படி என்று கேட்பீர்கள். கோல் கம்பம் எல்லைப் பகுதியின் பின்கோட்டில் நிற்கிறது, அது 10 கெஜம். பந்தைப் பிடித்து நிறுத்துபவர், இரு அணியும் எதிரெதிரே நிற்கும் வரிசைக்குப் பின்னால் 7 அல்லது 8 கெஜத்தில் மண்டியிடுகிறார். ஆகவே கோட்டின் எண்ணோடு 17 அல்லது 18 கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்தால், வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே உதை எட்டுமா எட்டாதா என்று நீங்கள் சொல்லிவிடலாம்.

என்னைக் கேட்டால், இரண்டு தவறுகளில் உதைத் தவறே பெரிது. காவலைத் தவறாக நிறுத்தியது அந்த நேரத்துப் பதற்றம் என்று விட்டுவிடலாம். கிக்-ஆஃப் அப்படியல்ல, யோசிக்க நேரம் இருந்தது.

டாஸில் தோற்றதால்தான் பில்ஸ் தோற்றார்கள் என்கிறார்களே, அது நியாயமான விதியா?
(கல்லூரி மாணவி, குன்னூர்)

நியாயமில்லை. அதனால்தான் மாற்றினார்கள். அப்போதைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதலில் பந்து பெறும் அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். சீஃப்ஸ் டாஸில் வென்று 75 கெஜம் போய் முடித்தார்கள். நான்கு டச்டவுன் பிடித்திருந்த கேப்ரியல் டேவிஸ் வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் இரு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 பருவத்திலிருந்து வழக்கமான ஆட்டங்களுக்கும் அதுவே.

புதிய விதியில் டாஸ் வென்றவர் என்ன கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இரண்டாவதாக ஆட வேண்டும். எதிரி எத்தனை எடுத்தார் என்று தெரிந்த பிறகு, நான்காவது டவுனில், அதாவது 10 கெஜம் நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில், துணிவதா உதைப்பதா என்ற கேள்விக்குப் பதில் தானாகக் கிடைக்கும். 2024 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் 49-எர்ஸ் டாஸ் வென்றும் முதலில் பந்தைக் கேட்டு, 3 புள்ளி எடுத்தார்கள். சீஃப்ஸ் டச்டவுன் போட்டு 25-22 என்று முடித்தார்கள்.

மொத்தம் 23 புள்ளி எடுத்த கிரீன் பே ஆட்டத்தைச் சிறந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 49-எர்ஸ் தாக்குதல் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லையே!
(ஊட்டி வாசகர்)

அதனாலேயேதான். தாக்குதலில் ஒரு டச்டவுனும் இல்லாமல், எதிரியின் சொந்த மைதானத்தில், அந்தப் பருவத்தில் 13 வெற்றி 4 தோல்வியோடு முதலிடம் பிடித்த அணியை வீழ்த்துவது எப்படி என்று அந்த ஆட்டம் காட்டியது. எல்லாமே உதைகளைச் சுற்றி நடந்தது.

தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை போர்த்தும் ஜனவரிக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதரசம் பூஜ்யத்தைத் தொடும், அல்லது ஓரிரு டிகிரி கீழே இறங்கும். அன்று கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டு மைதானத்தில் தொடக்கத்தில் சுமார் மைனஸ் 10 டிகிரி, பிறகு பனிப்பொழிவு. கதகதப்பான அறையில் 13 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றடித்த பந்து அந்தக் குளிரில் நன்றாக ஊறினால் 10-க்கு அருகே இறங்கிவிடும். தோல் இறுகி வழுக்கும். உதைத்தால் பந்து துள்ளாமல் கல்போலக் கிளம்பும். ஸ்னாப்பை, அதாவது நடு ஆள் பின்னால் எறியும் பந்தை, பிடிப்பவரின் விரல் மரத்துப்போகும்.

உதை என்பது நேரக் கணக்கு. ஃபீல்டு கோலுக்கு ஸ்னாப்பிலிருந்து கால் படும்வரை சுமார் 1.3 நொடி. பன்ட்டுக்கு, அதாவது நான்காவது டவுனில் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் ஒப்படைப்பதற்கு, சுமார் 2 நொடி. நடுவில் ஒருவர் பின்னுக்குத் தள்ளப்பட்டாலோ, பந்து கைக்கு வருவதில் கால் நொடி தாமதித்தாலோ, எதிரியின் கை பந்தின் பாதையில் இருக்கும். அன்று இரண்டு முறை அது நடந்தது. முதல் பாதி முடிவில் பேக்கர்ஸின் ஃபீல்டு கோலை ஜிம்மி வார்டு தடுத்தார். 3 புள்ளி போயிற்று. பேக்கர்ஸ் 10-3 என்று முன்னணியில் இருந்தபோது, 4 நிமிடம் 41 நொடி பாக்கியிருக்க, ஜோர்டன் வில்லிஸ் நடு வரிசையைத் தள்ளிக்கொண்டு நுழைந்து பன்ட்டைத் தடுத்தார். டலனோவா ஹுஃபாங்கா பந்தைப் பொறுக்கி டச்டவுன் போட்டார். 10-10. கடைசியில் ராபி கோல்டு 45 கெஜத்திலிருந்து அடித்தார். அந்த உதையைத் தடுக்க நின்ற பேக்கர்ஸ் ஆட்கள் 10 பேர். 11 இருக்க வேண்டும்.

சீஃப்ஸ்-பில்ஸ் ஆட்டம் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரு அணியின் திறமைதான் பேசியது. இங்கே பதினோராவது ஆள் எங்கே என்று யாரும் எண்ணிப் பார்க்காததும் பேசியது. ஒரு பயிற்சியாளர் தன் பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பந்தை வீசும் க்வார்ட்டர்பேக் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டும் பெங்கால்ஸ் எப்படி ஜெயித்தார்கள்?
(கூடலூர்)

டைட்டன்ஸ் மூன்று பாஸை எதிரி கையில் கொடுத்ததால். ஆட்டத்தின் முதல் வீச்சே அப்படித்தான் போயிற்று. மூன்றாவது, 20 நொடி பாக்கியிருக்கையில். பெங்கால்ஸின் க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோ ஒன்பது முறை விழுந்தார், ஆனால் விழுந்தபோது பந்தை இழக்கவில்லை. புதுமுகம் எவன் மெக்பெர்சன் நான்கு ஃபீல்டு கோலும் அடித்தார், கடைசியாக 52 கெஜம். மேலே சொன்ன கணக்கில் அது 34-ஆம் கோடு.

ராம்ஸ் 27-3 என்று இருந்ததை 27-27 ஆக விட்டுக்கொடுத்தார்கள். பிறகு 42 நொடியில் மீண்டதற்குக் காரணம் டாம்பாவின் தவறா, ராம்ஸின் சாமர்த்தியமா?
(கொடைக்கானல்)

விட்டுக்கொடுத்தது முழுக்க ராம்ஸின் குற்றம்: நான்கு முறை பந்தைத் தவறவிட்டு இழந்தார்கள். மீண்டதில் பாதி டாம்பாவின் அவசரம். கூடுதல் நேரத்துக்குப் போவதே போதும் என்ற நிலையில், க்வார்ட்டர்பேக்கை நெருக்க ஆட்களை அள்ளி முன்னே அனுப்பினார்கள். முன்னே ஆள் கூடினால் பின்னே ஆள் குறையும். ராம்ஸ் க்வார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் அடி வாங்குவதற்கு முன்பே பந்தை வீசிவிட்டார். கூப்பர் கப் பின்புறம் தனியே ஓடி 44 கெஜம் எடுத்தார். உடனே எல்லோரும் ஓடிவந்து வரிசை கட்டி, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். மேட் கே 30 கெஜ உதையில் முடித்தார். மீதிப் பாதிப் பெருமை அந்த ஓட்டத்துக்கு.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் இந்த உதையைப் பழக ஆசைப்படுகிறார்கள். கோல் கம்பம் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக் கொண்டுவந்த பந்து இங்கே கல்லாக இருக்கிறது. ஏன்?
(உடற்கல்வி ஆசிரியர், ஊட்டி)

மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால்தான், ஐயா. கீழே 30 டிகிரியில் 13 பி.எஸ்.ஐ. காட்டிய பந்து, ஊட்டியில் 15 டிகிரிப் பகலில் ஏறத்தாழ ஒன்றரை கூடுதலாகக் காட்டும். விதி அனுமதிப்பது 12.5 முதல் 13.5 வரை. ஆகவே மைதானத்தில் பந்தை அரைமணி வைத்திருந்து, பிறகு அளந்து இறக்குங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வு கிழியும். 14 வயதுக்குக் கீழே முழு அளவுப் பந்து வேண்டாம். 'யூத்' அளவு வாங்குங்கள்.

கம்பத்துக்குக் கால்பந்து கோலே போதும். அது 24 அடி அகலம், 8 அடி உயரம். நமக்கு வேண்டியது 18 அடி 6 அங்குல அகலம். ஒவ்வொரு பக்கக் கம்பத்திலிருந்தும் 2 அடி 9 அங்குலம் உள்ளே தள்ளி, குறுக்குக் கம்பத்தோடு ஒரு மூங்கிலை நிமிர்த்திக் கட்டுங்கள். உண்மையான குறுக்குக் கம்பம் 10 அடி என்பதால், மூங்கில்களில் அந்த உயரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் கண்ணுக்குக் குறி கிடைக்கும்.

வலது காலால் உதைப்பவர் பந்திலிருந்து நேர் பின்னால் மூன்று எட்டு, பிறகு இடப்பக்கம் இரண்டு எட்டு எடுத்து நிற்கட்டும். ஊன்றும் இடது கால் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, விரல்கள் கம்பத்தைப் பார்த்து. பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, பாதத்தின் மேல் எலும்பு பட வேண்டும்; கால்விரல் நுனி அல்ல. பந்தின் தையல் கம்பத்தைப் பார்க்க வேண்டும். ஊன்றும் கால் பந்தை முந்திவிட்டால் உதை தாழ்ந்து, எதிரே நிற்பவர் கையில் படும். பின்தங்கினால் உடம்பு சாய்ந்து, பந்து உயரே போய்க் குட்டையாக விழும். இடுப்பு சீக்கிரம் திரும்பினால் இடது பக்கம் வளையும். காலையில் பனி ஈரம் காயும்வரை ஊன்றும் கால் வழுக்கும். குமிழ் உள்ள காலணி இல்லாமல் விடாதீர்கள்.

தூரம் இங்கே தாராளமாக வரும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 5,280 அடி உயர டென்வரில்தான் மேட் ப்ரேட்டர் 2013 டிசம்பரில் 64 கெஜம் அடித்தார். ஊட்டி அதைவிட 2,000 அடி மேலே. ஆகையால் இங்கே 35 கெஜம் எட்டும் பிள்ளை கோவையில் அதே உதைக்கு எட்டாமல் போனால் திட்டாதீர்கள்.

முழு ஆட்டத்துக்கு 120 கெஜ நீளம், 53 கெஜத்துக்கு மேல் அகலம் வேண்டும். மலையில் சமதளம் அரிது. ஆளை வீழ்த்தாமல் இடுப்புத் துணியைப் பறித்து நிறுத்தும், ஐவர் ஆடும் ஃப்ளாக் கால்பந்துக்கு 70-க்கு 25 கெஜம் போதும், மோதலும் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது இடம்பெறுகிறது. ஆனால் அதில் உதையே கிடையாது, அதுதான் எனக்குள்ள ஒரே மனக்குறை.

ஞாயிறு ஆட்டங்கள் நம் நேரத்தில் எப்போது? மொபைல் டேட்டா போதுமா?
(அருவங்காடு)

நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி: இரவு 11.30, திங்கள் அதிகாலை 2.55, காலை 6.50. அதற்கு முன் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னதாக. ஒரு ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். நொடிக்கு 3 மெகாபிட் தரத்தில் பார்த்தால் மணிக்கு 1.35 ஜி.பி., ஆட்டத்துக்கு 4.4 ஜி.பி. வரை. 11.30 ஆட்டத்தில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் வருவதால், தினசரி 2 ஜி.பி. திட்டம் மூன்றாவது கால்பகுதி தாண்டுமுன் தீர்ந்துவிடும். தரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்கு டேட்டா மிச்சம் இருக்கட்டும்.